கேரவனுக்கு ஒரு வீட்டு ஃப்ரிட்ஜ்

4-6-12, திங்கள்

வெயில். எட்டு மணிக்கே முதுகெல்லாம் நனைஞ்சு போச்சு. கரண்ட் ஒம்பதுக்குப் போனது, பன்னெண்டுக்கு வந்துச்சு.

வண்டியில இருக்கிற பழைய ஃப்ரிட்ஜ் செத்தாச்சு. போன மாசமே மக்கர். இன்னிக்குக் கதவைத் திறந்தா மூக்கைப் பிடுங்குற நெடி, கண்ணுல தண்ணி. "பினாயில் ஊத்திக் கழுவினா போயிடும்"னாரு இவர். இருவத்தெட்டு வருஷம் கவர்மெண்ட் பஸ் ஓட்டினவருக்கு எல்லா வியாதிக்கும் பினாயில்தான் மருந்து.

சினிமா ஷூட்டிங்குக்கு ஓடின கேரவன். ரிட்டயர் ஆன கையோட மெட்ராஸ் போய் வாங்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தினாரு. ரெண்டு கட்டில், அடுப்பு, கக்கூஸ், கண்ணாடியச் சுத்தி பல்பு. மஞ்சக்குப்பமே வந்து பார்த்துச்சு. எந்த நடிகை எந்த சீட்டுல உக்காந்தான்னு கேட்டு என் உயிரை வாங்கினாங்க. ஒரு வருஷமா அதே வாசல்ல நிக்குது. தானே புயல்ல எதிர்வீட்டு மரம் சாய்ஞ்சு கூரை ஒரு பக்கம் நசுங்கினதுதான் மிச்சம்.

14ந்தேதி கெளம்புறதா பேச்சு. சிதம்பரம், வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி. கடலோரமாவே ஒரு மாசம். எனக்கு அம்பத்தேழு வயசு. இவர் ஊர் சனத்தையெல்லாம் ஏத்தி எறக்கினாரு, நான் சத்துணவுக்கூடத்துல முட்டை எண்ணிட்டு இருந்தேன். எனக்கு இந்தப் பயணம் வேணும். ரொம்ப வேணும். வெளிய சொன்னா இந்த வயசுல என்ன ஆசைம்பாங்க, அதனால இங்க எழுதி வைக்கிறேன்.

ஆனா இவருக்கு இன்சுலின். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மருந்து சில்லுனு இருக்கணும். பெரியவன் சரவணன் மெட்ராஸ்லேர்ந்து போன்: "ஃப்ரிட்ஜ் ஓடினாதாம்மா போகணும். இல்லன்னா வண்டிய வித்துடுங்க. கேக்க ஆள் இருக்கு." இவர் சரின்னுட்டாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கல.

6-6-12, புதன்

புழுக்கம். காத்தே இல்ல.

முதுநகர்லேர்ந்து பஷீர் பாய் வந்தாரு. இந்த வீட்டு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாத்துக்கும் அவருதான் டாக்டர். ஏழு வருஷப் பழக்கம். பழசைப் பின்னாடி திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தாரு. "அக்கா, இதுல கம்ப்ரஸரே இல்ல. கேஸ் நெருப்புல ஓடுற ஐட்டம். ஃபாரின். உள்ள குழாய் ஓட்டையாயி அந்த நெடி வருது. இதுக்குப் பார்ட்ஸ் தேடினா நம்ம பேரன் காலத்துல கெடைக்கும்."

"அப்ப?"

"வீட்டு ஃப்ரிட்ஜே ஒண்ணு வச்சிடுவோம். ஒத்தக் கதவு, சின்னது. கட்டிலுக்கு அடியில பேட்டரி ரெண்டு, ஒரு இன்வெர்ட்டர். வண்டி ஓடும்போது அதுவும் ஓடும்."

இவர் உடனே, "வீட்டு ஃப்ரிட்ஜ் எங்கியாவது ரோட்டுல ஓடுமாய்யா?" பாய்: "நீங்க ஓட்டினா எது வேணா ஓடும்ணே." மனுஷன் வாய்ல பல்லெல்லாம் தெரிஞ்சுது. ஒரு வார்த்தைக்கு மயங்குற ஆளு.

வேலைகள்:
– பழசைக் கழட்டணும், கேஸ் குழாயை அடைக்கணும்
– பின்பக்கம் புகை போற ஓட்டைக்குத் தகரம்
– மேல் அலமாரியில அரை அடி அறுக்கணும் (புதுசு உயரம் ஜாஸ்தி)
– கதவுக்குக் கொண்டி. வளைவுல திறந்துக்கும்
– உடம்பைச் சுத்தி பெல்ட்

சாயங்காலமே கழட்டியாச்சு. பின்னாடி தூசியில ஒரு பொய் ஜடை, குஞ்சலத்தோட. இவர் அதைப் பிடிச்சு ஆட்டி என் தலைக்கிட்ட கொண்டாந்தாரு. "சீ, போங்க"ன்னேன். அடுத்த வீட்டம்மா ஜன்னல்லேர்ந்து சிரிச்சாங்க. மானம் போச்சு.

7-6-12, வியாழன்

அலமாரி அறுத்தாச்சு. தகரம் அடிச்சாச்சு. பேட்டரி, இன்வெர்ட்டரும் மாட்டியாச்சு. தலை முழுக்க மரத்தூள். ரசம், அப்பளம், அவ்வளவுதான் சமையல்.

8-6-12, வெள்ளி

காலையில மேகம், அப்புறம் வெயில்.

எட்டரைக்கு டெம்போல ஃப்ரிட்ஜ் வந்துச்சு. சிவப்பு. கேரவன் கதவு ஒடுக்கம், நிமித்தி வச்சு நுழையல. பின்பக்க ஜன்னல் சட்டத்தைக் கழட்டி, ஃப்ரிட்ஜைப் படுக்க வச்சு, போர்வை விரிச்சு, உள்ள இழுத்தாங்க. பாய் ஒரு பக்கம், டெம்போக்காரர் ஒரு பக்கம், இவர் நடுவுல நின்னு பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி "வரலாம் வரலாம், ஹோல்டேய்". ஒம்பதே முக்காலுக்கு நிமித்தி நிக்க வச்சு பெல்ட் கட்டியாச்சு.

கெளம்புறப்ப பாய் ரெண்டு தடவை சொன்னாரு. "படுக்க வச்சு ஏத்தினது. கம்ப்ரஸர் ஆயில் கீழ எறங்கணும். நாளைக்குக் காலையில நான் வந்து போடுறேன். அதுவரைக்கும் சுவிட்ச் பக்கமே போவாதீங்க." நானும் தலையாட்டினேன்.

ஆனா காலண்டர்ல நல்ல நேரம் பத்தரை வரைக்கும்தான். அப்புறம் ராகு காலம். நாளைக்கு சனிக்கிழமை, நல்லது ஆரம்பிக்கிற நாள் இல்ல. வண்டிக்குன்னு வாங்கின முதல் சாமான் வெள்ளிக்கிழமை வந்திருக்கு, அதைப் பொணம் மாதிரி நிறுத்தி வச்சிட்டு சனிக்கிழமை ஆரம்பிக்கிறதா? மனசு கேக்கல. இவர் பேப்பர் படிச்சிட்டு இருந்தாரு. கதவுக்கு மஞ்சள், குங்குமம் வச்சேன். ஒரு பாக்கெட் பால் உள்ள வச்சேன். கற்பூரம் காட்டினேன். பத்து இருவதுக்கு சுவிட்சைப் போட்டேன்.

ஓடுச்சு. உள்ள லைட் எரிஞ்சுது. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. கால் மணி நேரம் கேட்டுட்டே நின்னேன். அப்புறம் அமத்திட்டுப் பால் பாக்கெட்டை எடுத்துட்டு வந்துட்டேன். யாருக்கும் தெரியாது.

மத்தியானம் நல்லா தூங்கினேன்.

9-6-12, சனி

பாய் பத்து மணிக்கு வந்து சுவிட்சைப் போட்டாரு. 'ம்ம்ம்'னு ஒரு சத்தம், 'டக்'. மறுபடி 'ம்ம்ம்', 'டக்'. கொஞ்ச நேரம் ஓடும், நின்னுடும். மத்தியானம் வரைக்கும் பார்த்தோம். உள்ள கை வச்சா அடுப்பங்கரை அலமாரி மாதிரி இருக்கு.



கடைக்குப் போன் போட்டா, கம்பெனி ஆளு வந்து பார்க்கணும், மாத்தித் தர பத்து பதினஞ்சு நாள் ஆகும்னுட்டாங்க. பாய் முகம் விழுந்து போச்சு. "நான்தான் இழுக்கும்போது எங்கியோ குழாயை மடக்கியிருப்பேன் போல"ன்னு அவரே சொல்றாரு. இவர் பிடிச்சுக்கிட்டாரு. "ஏழு வருஷமா பண்ற வேலையா இது? எங்க புரோகிராமே போச்சேய்யா!"

நான் காபி கொண்டாந்து வச்சேன். பாய் குடிக்காமலே போய்ட்டாரு.

10-6-12, ஞாயிறு

சரவணன் போன். இவர் விஷயத்தைச் சொல்லிட்டாரு. "அப்ப முடிஞ்சுதுப்பா. வண்டி வாங்குற பார்ட்டிய வர்ற சனிக்கிழமை அனுப்பறேன்." இவர் 'உம்'முன்னு போனை வச்சிட்டு கேரவனுக்குள்ள போய் டிரைவர் சீட்டுல உக்காந்தாரு. சாவி போடல. ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டு சும்மா உக்காந்திருந்தாரு. சமையக்கட்டு ஜன்னல்லேர்ந்து எனக்குத் தெரிஞ்சுது.

பாவி நான். ஒரு கால் மணி நேரத்துக்காக.

சொல்லலாம்தான். சொன்னா இவர் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு. கல்யாணத்தன்னிக்கு என் மாமன் பஸ்ஸை விட்டதையே இன்னும் விடல. சரவணனுக்கு வேற தெரிஞ்சா, "அம்மாவ நம்பி ஒரு மாசம் அனுப்பறதா?"ம்பான். வாயை மூடிட்டு இருக்கிறதுதான் நல்லது. அப்படித்தான் நினைச்சேன். மீன் குழம்பு எனக்கு எறங்கல.

11-6-12, திங்கள்

தூறல். மண்ணு நனையற அளவுக்குக்கூட இல்ல.

பதினோரு மணிக்குப் பாய் வந்தாரு, ஒரு டெம்போவோட. அதுல ஒரு வெள்ளை ஃப்ரிட்ஜ். பழசு, கதவுல மாம்பழ ஸ்டிக்கர் ஒட்டினது. "இது எங்க வீட்டுதுக்கா. நல்லா ஓடும். நீங்க போய்ட்டு வாங்க. உங்களது கம்பெனிலேர்ந்து வந்ததும் மாத்திக்கலாம்."

"வீட்டுல என்ன பண்ணுவாங்க?"

"ஒரு மாசம்தானேக்கா. அன்னன்னிக்கு வாங்கி ஆக்கிக்குவாங்க."

இதுக்கு மேல பொறுக்க முடியல. வாசல்லயே, டெம்போக்காரர் முன்னாடியே கொட்டிட்டேன். "பாய், உங்க மேல தப்பு இல்ல. வெள்ளிக்கிழமையே நான் போட்டுட்டேன். நல்ல நேரம் போயிடும்னு." அழுகை வந்துடுச்சு. கெழவி நடுத்தெருவுல அழறா.

பாய் தலையில கை வச்சாரு. "யா அல்லாஹ்! அக்கா, சனிக்கிழமையே சொல்லியிருந்தா ரெண்டு நாள் மிச்சமாயிருக்குமே! ஆயில் குழாய்ல ஏறியிருக்கும். கம்பெனியும் வேணாம், ஒண்ணும் வேணாம். சும்மா நிக்க விட்டா தானா எறங்க சான்ஸ் இருக்கு." ஆனா நெத்தி சுருங்குச்சு. "கால் மணி நேரத்துக்கு இவ்வளவு ஆவாதே. நெசமா அவ்வளவுதான் ஓட்டினீங்களா?"

பின்னாடி இவர் தொண்டையைச் செருமினாரு. திரும்பினா, செருப்பைப் பார்த்துட்டு நிக்கிறாரு. "நானும் போட்டேன்."

"என்னது?"

"நீ மத்தியானம் தூங்கும்போது. ஐஸ் பிடிக்குதான்னு பார்க்கத்தான். ரெண்டு மணி நேரம் இருக்கும்."

ரெண்டு மணி நேரம்! பண்றதையும் பண்ணிட்டு அந்த மனுஷனை வாசல்ல நிக்க வச்சு அந்தக் கத்து கத்தினாரு. நான் மூணு நாளா சோறு எறங்காம சாகறேன். டெம்போக்காரர் சிரிச்சிட்டாரு. பாய் சிரிக்கல. "ரெண்டு பேரும் என்னைக் கேட்டிருக்கலாம்ணே"ன்னாரு, அவ்வளவுதான். அதுக்கு இவர் ரெண்டு கையையும் கூப்பினாரு. முப்பத்தஞ்சு வருஷத்துல அவர் யார்கிட்டயும் கை கூப்பி நான் பார்த்ததில்ல.

புதன் காலை வரைக்கும் யாரும் தொடக் கூடாது. பாய் பிளக்கைக் கழட்டித் தன் பைக்குள்ள போட்டுக்கிட்டு, வெள்ளை ஃப்ரிட்ஜை அதே டெம்போல திருப்பிக் கொண்டு போனாரு.

12-6-12, செவ்வாய்

இவரோட பேசல. ஊசி மட்டும் போட்டேன். கொஞ்சம் அழுத்தியே போட்டேன்.

13-6-12, புதன்

ஆறு மணிக்கே பாய். பிளக்கை மாட்டி, சுவிட்ச். ஓடுச்சு. பத்து மணிக்கு லேசா சில்லுப்பு. நாலு மணிக்குத் தண்ணி பாட்டில் நல்லாவே சில்லுனு. உள்ள வைக்கச் சொல்லி ஒரு சின்ன தெர்மாமீட்டர் குடுத்தாரு. எட்டு டிகிரிக்குள்ள இருந்தா மருந்துக்குப் பயமில்லையாம். அஞ்சு மணிக்கு ஏழு.

"ஆனா ரோட்டுல குலுங்கினா எப்படின்னு கேரண்டி குடுக்க மாட்டேன்க்கா. சிதம்பரம் வரைக்கும் போய்ப் பாருங்க. சரியில்லன்னா திரும்பிடுங்க."

இவர் சரவணனுக்குப் போன்: "ஓடுதுடா! ஏழு!" அவன், "நாளைக்குச் சிதம்பரத்துலேர்ந்து சொல்லுங்கப்பா. பார்ட்டிய அதுவரைக்கும் வெயிட் பண்ணச் சொல்றேன்."

எடுத்து வைக்க: ஊசி, பஞ்சு, குளுக்கோஸ், சர்க்கரை பார்க்கிற மெஷின், புளியோதரை, ஊறுகாய், அஞ்சு புடவை (ஆறு?), டார்ச்சு, பெரிய தெர்மாஸ்.

இவரோட பேசிட்டேன். வேற வழி?

14-6-12, வியாழன். சிதம்பரம்

ஆறரைக்குக் கெளம்பினோம். நல்ல வெயில், நல்ல காத்து. நான் முன்சீட்டுல. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், ஒவ்வொரு ஸ்டாப் வரும்போதும் இவர் கால் தானா பிரேக்குக்குப் போகுது. "யாரும் ஏறலீங்க, போங்க"ன்னேன். ரோடு படுமோசம். பெல்ட் கட்டியும் பின்னாடி 'கடகட'.

எட்டரைக்கு சிதம்பரம். நிறுத்தினதும் நான்தான் பின்னாடி போய்த் திறந்தேன். சத்தமே இல்ல. முள்ளு பதினாறுல நிக்குது. அமத்தி அரை மணி நேரம் கழிச்சுப் போட்டோம். 'ம்ம்ம்', 'டக்'.

இவர் படியில உக்காந்து வேர்வையைத் துடைச்சாரு. "திருப்பிடலாமா"ன்னு கேட்டாரு. கேள்வி மாதிரியே இல்ல.

மேலவீதி மருந்துக் கடைக்குப் போய் ஐஸ் கெடைக்குமான்னு கேட்டேன். கடைக்காரர் நல்ல மனுஷர். பொறுமையா கேட்டுட்டு, "எதுக்கும்மா ஒரு மாச மருந்தையும் மொத்தமா தூக்கிட்டு அலையறீங்க? டாக்டர் சீட்டு வச்சிருக்கீங்கல்ல? போற ஊர்ல எல்லாம் இதே மருந்து கெடைக்கும். வாரத்துக்கு ஒண்ணு வாங்குங்க. கையில இருக்கிறத தெர்மாஸ்ல வச்சுக்குங்க. ஐஸ் மேல நேராப் படாம துணி சுத்துங்க, போதும்."

இதுக்கா அலமாரி அறுத்து, தகரம் அடிச்சு, பாய் மாதிரி ஒரு நல்ல மனுஷனை நோகடிச்சு.

திரும்பி வந்தா இவர் கையில போன் அடிக்குது. சரவணன். எடுக்காம பார்த்துட்டே இருக்காரு. "ஓடுதுன்னே சொல்லிடட்டுமா?"ன்னாரு, மெதுவா. நான் வாங்கிட்டேன்.

"அம்மா? ஃப்ரிட்ஜ் ஓடுதா?"

"ஓடலப்பா. நாங்க போறோம்."

அந்தப் பக்கம் என்னமோ கத்தினான். மருந்துக் கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன், மறுபடியும் கத்தினான், சாயங்காலம் பேசறேன்னு வச்சிட்டேன். இவர் என்னையே பார்த்துட்டு இருக்காரு, வாயைத் திறந்தபடி. "வண்டிய எடுங்க"ன்னேன். கொள்ளிடம் பாலம் தாண்டி நிறுத்தி டீ குடிக்கிறோம். மருந்து ஐஸோட தெர்மாஸ்ல இருக்கு. ஃப்ரிட்ஜுக்குள்ள என் புடவையெல்லாம் அடுக்கிட்டேன்.