இடம் வலமான துறைப்படம்

அனுப்புபவர்:
திருமதி மீனாம்பிகை சிவசுப்பிரமணியம்,
கடற்கரை வீதி, நாவலடித்துறை, வடமராட்சி.

பெறுபவர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

ஊடாக: கிராம அலுவலர்

விடயம்: பழைய படமொன்றைப் பிழையாகக் காட்டி எனது படகுத் துறையைப் பறிப்பதற்கு எதிரான முறைப்பாடு

மதிப்புக்குரிய ஐயா,

1. பிள்ளையார் கோயிலுக்குக் கிழக்கே, மூன்று கற்படிகள் கடலுக்குள் இறங்கும் துறையில் எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாகப் படகு விடுகிறது. கணவர் கடலில் தவறிய பின் மகன் கஜானன் அங்கேதான் தொழில் செய்கிறான். இம்மாத முடிவுக்குள் அவ்விடத்தை விட்டு எழும்பும்படி தங்கள் கடிதம் கிடைத்தது.

2. இதற்குக் காரணமானவர், கோயிலுக்கு மேற்கே காணி வைத்திருக்கும் திரு. தியாகலிங்கம். ஆங்கிலேயர் காலத்தில் யாரோ வடக்கே கடலில் நின்ற கப்பலில் இருந்து எங்கள் துறைமுகத்தைப் பார்த்து வரைந்து, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படமொன்றை இலண்டனில் வாங்கி வந்தார். பத்தடித் துணியில் பெரிதாக்கிக் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் கட்டினார். பாய்க்கப்பல், சுங்கக் கட்டடம், புகையிலைச் சிப்பம் எல்லாம் அதில் உண்டு. கற்படிகள் மட்டும் கோயிலுக்கு வலப்பக்கம், அதாவது மேற்கே, அவரின் காணியோடு நிற்கின்றன.

3. அந்தச் சங்க மண்டபத்தில், தாங்களும் இருந்த கூட்டத்தில் அவர், "உந்தக் கல்லுகள் என்ரை பக்கம் கிடந்தது. சிவசுப்பிரமணியம்தான் பிரட்டிக்கொண்டு போனவன், கள்ளன்" என்றார். செத்த மனிசனை, ஐயா! ஊர் முழுக்க இருந்தது. தாங்கள் அதைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் எழும்பி வந்தேன்.

4. மறுநாள் போய் அந்தப் படத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். கோயில் வாசலில் நிற்கும் ஐயரின் பூணூல் வலத்தோளில் கிடக்கிறது. அப்படிப் போடுவது திவசத்துக்கு. கப்பல்காரருக்கு முன்னால் நின்று அவர் யாருக்குத் திவசம் செய்கிறாராம்? சுங்கக் கிளாக்கர் இடக்கையால் எழுதுகிறார். கிழக்கு வாசல் பிள்ளையார் மேற்கே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

5. அச்சகம் வைத்திருக்கும், எனக்குப் பெறாமகன் முறையான வாகீசனைக் கேட்டேன். தகட்டில் நேராகச் செதுக்கினால் தாளில் இடம் வலமாகத்தான் விழுமாம். செதுக்கியவர் ஊர்ப் பெயரை மட்டும் கவனமாக மாற்றிச் செதுக்கிவிட்டு, படத்தைக் கோட்டை விட்டுவிட்டார். தங்கள் மேசையில் உள்ள இறப்பர் முத்திரையைப் பார்த்தால் விளங்கும். படத்தின் பிரதியோடு முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்துள்ளேன். பிடித்துப் பாருங்கள். பூணூல் இடத்தோளுக்கு வரும், படிகள் எங்கள் பக்கம் வரும்.

6. ஆகவே, தங்கள் கடிதத்தை மீளப்பெறுமாறு தாழ்மையுடன் கேட்கிறேன். அதே மண்டபத்தில், அதே சனத்துக்கு முன்னால், என் கணவர் கள்ளன் இல்லை என்று தியாகலிங்கம் தன் வாயால் சொல்ல வேண்டும். மன்னிப்பு எனக்கு வேண்டாம், அதை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

7. இன்னுமொன்று. அந்தத் துணியை அவிழ்த்து ஒளிக்க விடாதீர்கள். மெல்லிய துணி, மை பின்னாலும் ஊறித் தெரிகிறது. பின்பக்கம் முன்னுக்கு வர, அவரின் கையாலேயே திருப்பிக் கட்ட வையுங்கள். துறை சரியாகிவிடும். அடியில் ஒரு முழ உயரத்துக்கு "அன்பளிப்பு: தியாகலிங்கம்" என்று அடித்திருக்கிறார். அந்தப் பெயர் இடம் வலமாகிப் போகும். போகட்டும். நான் கண் மூடும் மட்டும் அது அப்படியே தொங்க வேண்டும்.

தங்கள் பதில் வரும்வரை துறையை விட்டு அசையாத,

(ஒப்பம்)
மீனாம்பிகை சிவசுப்பிரமணியம்

இடம்: நாவலடித்துறை
திகதி: 11.03.2025