ஸ்ஃபெர்ராகவால்லோ காம்பருக்குத் தண்ணீர் வந்துவிட்டது, அக்கா

என் அருமை ஜெசிந்தா அக்காவுக்கு,

நீங்கள் குடியிருந்த அந்தக் காம்பர் வண்டியில் இப்போது குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. சுடுதண்ணீரும் வருகிறது. இறந்தவர்களை நினைக்கும் இந்த நவம்பரில், நம் கோயில் பங்கின் தமிழ் மலரில் இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதலாம் என்றபோது, இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நல்ல செய்தியை மட்டும் எழுதிவிட்டுக் கீழே பெயர் போடக் கை வரவில்லை.

உங்கள் அடக்கப் பூசை முடிந்து எல்லோரும் என் கையைப் பிடித்தார்கள். "சொந்தத் தங்கச்சி கூட இப்பிடிப் பாத்திருக்க மாட்டா, மேரி" என்றார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். ஒருவரிடமும் மறுத்துச் சொல்லவில்லை. அந்தப் பாராட்டு எனக்கு உரியதல்ல என்று அவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும், அக்கா. அதனால்தான் இதை உங்கள் கல்லறையில் வைக்காமல் மலருக்குக் கொடுக்கிறேன்.

உங்களை அறியாதவர்களும் வாசிப்பார்கள், ஆகவே கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். நீங்கள் மன்னாரிலிருந்து எனக்குப் பத்து வருடம் முந்தி இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்தவர். நான் வந்திறங்கிய அன்று, தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக மட்டும், போர்கோ வெக்கியோவில் இருந்த உங்கள் அறைக்கு என்னைக் கூட்டிப் போனீர்கள். ஒரே கட்டில். "நீ சுவர்ப்பக்கம் படு பிள்ளை, நான் வெள்ளன எழும்புறனான்" என்றீர்கள். எட்டு மாதம் அந்தச் சுவர்ப்பக்கத்தில் படுத்தேன்.

பிறகு நான் அருளைக் கல்யாணம் முடித்து, இதே நகரத்தின் சீசாப் பகுதிக்குப் போனேன். நீங்கள் வயதான ஒரு சிஞ்ஞோராவை, இத்தாலிய அம்மா ஒருவரை, பார்த்துக்கொண்டு அவருடைய வீட்டிலேயே தங்கினீர்கள். ஒன்பது வருடம் அவரைக் குளிப்பாட்டினீர்கள், ஊட்டினீர்கள், அவருடைய சின்னக் காரில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனீர்கள். அவர் கண்ணை மூடியதும் மகன் வீட்டை விற்றார். உங்களுக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. மகன் கெட்டவர் இல்லை. கராஜில் கிடந்த தன் தகப்பனின் பழைய பிக்கப்பை, முதுகில் ஏற்றியிருந்த காம்பர் பெட்டியோடு, உங்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்.

"எனக்கு வீடு கிடைச்சிட்டுது, மேரி. சில்லு வைச்ச வீடு!" என்று போனில் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். "இஞ்சை வந்து எங்களோடை இருங்கோ" என்று ஏன் சொல்லவில்லை? இரண்டு அறை, இரண்டு பிள்ளைகள், இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நகரத்தின் ஓரம், கடற்கரைப் பக்கமாக இருக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் பின்முற்றத்தில் வண்டியை நிறுத்தினீர்கள். காலையில் அந்தக் கடையைக் கூட்டிக் கழுவினீர்கள். கடைக்காரர் ஒரு மின்சார வயர் இழுத்துத் தந்தார், கடையின் கழிவறையையும் பாவிக்க விட்டார். காம்பருக்குள் படுக்கை இருந்தது, காஸ் அடுப்பு இருந்தது. தண்ணீர்தான் பிரச்சினை. எப்போதோ பொருத்திய ஒரு சின்ன டாங்கி, காலால் மிதித்தால் கொஞ்சம் துப்புகிற பம்ப். குளிக்க வழியில்லை.

ஆகவே புதனும் ஞாயிறும் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து குளித்தீர்கள். துவாயும் சவர்க்காரமும் உங்களுடையதே. குளித்து முடித்து, தரையைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவீர்கள். ஒரு தலைமுடி கூடக் கிடக்காது.

அப்போதுதான் அந்த வறண்ட கோடை வந்தது. நகரத்தில் தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் கிழமையில் சில நாட்கள் குழாய் காய்ந்தே கிடந்தது; மொட்டை மாடி டாங்கியில் பிடித்து வைத்ததுதான் எல்லாவற்றுக்கும். அருள் தினமும் மேலே ஏறி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வருவார்.

"எங்களுக்கே காணாது. அக்கா கிழமையிலை ரெண்டு தரம் வாறா" என்றார் ஒருநாள்.

"வரவேண்டாம் எண்டு சொல்லச் சொல்லுறியளா?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

சொல்லவில்லைதான். மீதியை நானே செய்தேன்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் நாலு மாடி ஏறி வந்து கதவைத் தட்டினீர்கள். வெயிலில் வந்த முகம், கழுத்தெல்லாம் வேர்வை. நான் கதவைப் பாதிதான் திறந்தேன். "அக்கா, இண்டைக்குத் தண்ணி இல்லை. டாங்கி காய்ஞ்சு போச்சு" என்றேன்.

உள்ளே அருள் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விழும் சத்தம் நம் இருவருக்கும் கேட்டது. நான் சொல்லி வாயை மூடவும் அந்தச் சத்தம் சட்டென்று நின்றது.

நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பைக்குள் இருந்து எட்டிப் பார்த்த துவாயை உள்ளே தள்ளினீர்கள். "அதுக்கென்ன பிள்ளை, நான் சும்மா உன்னைப் பாத்திட்டுப் போவம் எண்டுதான் வந்தனான்." சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினீர்கள். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்று கூட நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? தண்ணீர் இல்லை என்றவள் எதில் தேத்தண்ணி போடுவாள்?

அதற்குப் பிறகு நீங்கள் குளிக்க வரவில்லை. இரண்டு ஞாயிறு கழித்துக் கோயிலில் கண்டபோது, ஏன் வருவதில்லை என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"இனி வரத் தேவையில்லை, மேரி. காம்பரிலை பைப்பெல்லாம் மாத்தியாச்சு. புது மோட்டர். தண்ணி சோக்கா வருது."

நம்பினேன் என்று எழுதத் தொடங்கி வெட்டிவிட்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. யார் மாற்றித் தந்தது, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. சீசாவிலிருந்து ஸ்ஃபெர்ராகவால்லோ என்ன இன்னொரு நாடா? ஐந்து மாதத்தில் ஒருமுறை கூட நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

ஜனவரியில் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். நீங்கள் காலையில் வேலைக்கு வராததால் போய்த் தட்டியிருக்கிறார். நியூமோனியா, இருதயமும் களைத்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். நான் போனபோது உங்களுக்கு நினைவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். கனடாவில் இருக்கும் உங்கள் தம்பி, "நீங்களே எல்லாத்தையும் பாருங்கோ, மேரி அக்கா" என்று காம்பரையும் என் பொறுப்பில் விட்டார். அப்படித்தான் அதன் திறப்பு என் கைக்கு வந்தது.

உள்ளே போனேன். முதலில் குழாயைத்தான் திருப்பினேன். காற்று கூட வரவில்லை. கை கழுவும் தொட்டிக்குக் கீழே ஹோஸ் வெடித்து, அதைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. டாங்கிக்குள் பச்சைப் பாசி. படுக்கைக்குக் கீழே, தெருக் குழாயில் பிடித்து வந்த தண்ணீர்ப் போத்தல்கள் வரிசையாக நின்றன. மூலையில் ஒரு நீலப் பேசின். அதற்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தல், மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். அதைத் தூக்கி என் தலைக்கு மேல் பிடித்துப் பார்த்தேன். அப்படியே பேசினுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

டிசம்பரிலும் அப்படியா குளித்தீர்கள்? அடுப்பில் சூடாக்கினீர்களா, இல்லை காஸ் முடிந்துவிடும் என்று பச்சைத் தண்ணீரையே ஊற்றினீர்களா? அந்தக் குளிர்தான் நெஞ்சில் இறங்கியதா? டாக்டரிடம் கேட்டேன். அப்படி ஒன்றைக் காரணம் என்று சொல்ல முடியாது, சிஞ்ஞோரா, என்றார். உண்மையைச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, தெரியவில்லை.

வண்டியை விற்றுவிடலாம் என்றார் அருள். "வேண்டாம். முதல்லை இதுக்குத் தண்ணி வரட்டும்" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒழுகும் குழாய்க்கெல்லாம் அவர்தான் வைத்தியர். பெப்ரவரியிலிருந்து சனிக்கிழமைகளில் இருவரும் அந்த பஸ்ஸில் ஏறினோம்.

பழைய டாங்கியை வெளியே எடுக்கப் படுக்கைப் பலகையையே கழற்ற வேண்டியிருந்தது. புதிதாக நூறு லீற்றர் டாங்கிதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ, மேரி. பின்னுக்கு நூறு கிலோவை வைச்சா முன் சில்லு ரோட்டிலை நிக்காது" என்றார். எழுபது லீற்றருக்குச் சம்மதித்து, பின்சில்லுக்கு முன்னால், தரையோடு தரையாகப் பூட்டினோம். குடிதண்ணீருக்கென்றே விற்கிற ஹோஸ் வாங்கினோம். மிதிக்கிற பம்பை எறிந்துவிட்டு பற்றரியில் ஓடும் சின்ன மோட்டர் வைத்தோம். குழாயைத் திறந்தால் தானாக ஓடும், மூடினால் தானாக நிற்கும். கழிவுத் தண்ணீருக்கு அடியில் வேறொரு டாங்கி. உங்கள் உடுப்பு அலுமாரி இருந்த மூலையில் குளிக்கிற இடம். சுடுதண்ணீர்ப் பெட்டிக்கு மட்டும் காஸ் வேலை படித்த ஆளைக் கூப்பிட்டோம். புகை உள்ளே நிற்காமல் வெளியே போக அவர் சுவரில் துளை போட்டுத் தந்தார்.

மோட்டரை முதன்முதல் ஓடவிட்ட அன்று தொட்டிக்குக் கீழே ஒரு மூட்டு ஒழுகியது. அருள் மல்லாந்து படுத்து, தலையை உள்ளே விட்டு, கிளிப்பை இறுக்கினார். நான் டோர்ச் பிடித்தேன். அவருடைய கால்கள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன.

"மேரி" என்றார் உள்ளே இருந்து. "அண்டைக்கு நீ அக்காவுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது."

டோர்ச்சை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தேன்.

"நான்தான் பைப்பைப் பூட்டினனான். சத்தம் கேட்டா நீ பொய் சொல்லுறாய் எண்டு தெரிஞ்சிடும் எண்டு நினைச்சன். பூட்டின பிறகுதான் விளங்கினது, பூட்டினதாலைதான் அவவுக்கு வடிவாத் தெரிஞ்சிருக்கும் எண்டு."

"பிறகு ஏன் என்னோடை ஒண்டும் கதைக்கேல்லை?"

"நீயும்தானே கதைக்கேல்லை." ஸ்பானரை இன்னொரு சுற்றுத் திருகினார். "ஒரு துவாயைக் கட்டிக்கொண்டு வெளியிலை வந்து, வாங்கோ அக்கா எண்டு சொல்லியிருக்கலாம். நான் சவர்க்கார நுரையோடை உள்ளுக்கை நிண்டனான், நீ கதவைச் சாத்துற வரைக்கும்."

ஒழுக்கு நின்றுவிட்டது. ஆனாலும் அவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. நானும் டோர்ச்சை அணைக்கவில்லை.

செப்டெம்பரில் உங்கள் காம்பரில் குடியிருக்க மாலினி வந்தாள். மொரீசியஸ்காரி, முன்னோர் தமிழராம், அவளுக்கோ 'அக்கா' என்ற சொல்லைத் தவிரப் பெரிதாகத் தமிழ் வராது. இத்தாலியனில்தான் கதைக்கிறோம். அவளும் உங்களைப் போல ஒரு சிஞ்ஞோராவின் வீட்டிலேயே தங்கி வேலை செய்தவள். சிஞ்ஞோராவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, மாத முடிவில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். காஸ் வேலை முடியும் வரை பதினொரு நாள் அவளை எங்கள் வீட்டில் வைத்திருந்தோம். சாப்பாட்டு மேசையைச் சுவரோடு தள்ளி ஒரு மெத்தையைப் போட்டோம், அவ்வளவுதான். இடம் இருந்தது, அக்கா. அந்த மேசையைத் தள்ள ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை.

காம்பருக்குப் போன முதல் நாளே அவளிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். கதவைப் பாதி திறந்ததையும் சொன்னேன். "அவர் உங்களோடு கோபித்தாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "கோபித்திருந்தால் உங்களுக்கு நன்றாக இருந்திருக்கும்" என்றாள். என்னைவிட வயதில் குறைந்தவள், ஆனாலும் சரியாகச் சொன்னாள். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நான் அழுது, காலைப் பிடித்து, உங்களை உள்ளே இழுத்திருப்பேன். அந்த வாய்ப்பை எனக்கு ஏன் தரவில்லை? பாருங்கள், இப்போதும் குற்றத்தில் கொஞ்சத்தை உங்கள் மேல் போடப் பார்க்கிறேன்.

போன கிழமை குளிர் தொடங்கியது. மாலினிக்கு போன் எடுத்தேன். "எல்லாம் சரி, அக்கா. நீங்கள் வீணாக அலைய வேண்டாம்" என்றாள். போனை வைத்துவிட்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். அவள் கதவைத் திறந்தபோது இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். சுடுதண்ணீர்ப் பெட்டி மூன்று நாளாகப் பற்றவில்லையாம். இவ்வளவு செய்தவர்களை எப்படி மறுபடியும் தொந்தரவு செய்வது என்று இருந்துவிட்டாளாம். நான் அவளை ஏசினேன், பிறகு கட்டிப்பிடித்தேன். காஸ்காரர் பின்னேரம் வந்து பார்த்தார். ஒரு சின்ன வயர் கழன்றிருந்தது.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. நீங்கள் தந்துவிடுவீர்கள், அதுதான் எனக்குப் பயம். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன், நம் பங்குச் சனம் எல்லோரும் சாட்சியாக இருக்கட்டும். மாலினிக்கு நல்ல வீடு கிடைத்துப் போனால், அதே நிலையில் இருக்கும் இன்னொருத்தி அங்கே வருவாள். யார் இருந்தாலும், சுகமா என்று போனில் கேட்பதோடு நான் நிற்கமாட்டேன். நேரில் போவேன், குழாயைத் திறப்பேன், தண்ணீர் சுடுகிறதா என்று என் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.

தங்கச்சி என்று போட எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது. வேறு என்னவென்று போடுவது என்றும் தெரியவில்லை.

உங்கள் தங்கச்சி,
மேரி
சீசா, பலெர்மோ