எமரி தேய்த்த இரும்பு

காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் எமரி உப்புத்தாள் பட்டுச் சூடான இரும்பின் வாடை. புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு ஷாஃப்டைப் பளபளவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். "நிறுத்தும்மா!" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டுபோனாள். எனக்கு உன் ஞாபகம்.

புதூர்நாட்டு மலையில் ஓடும் உன் ஜீப்புக்கும் தம்பி ஜீப்புக்கும் சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்ம் வளைந்து, ஒரே பட்டறையில் சூடுகாட்டி நிமிர்த்தி, இரண்டையும் கோணியில் சுற்றிக்கொண்டு வந்தாயே. "மச்சான், உன் மிஷின்ல பாத்துச் சொல்றா. மேல சவாரி காத்துனு கீது." நிமிர்த்திய இரும்புக்குள் இழுவிசை தங்கிவிடும், எக்ஸ்ரே கதிர் பட்டுச் சிதறுவதை டிடெக்டரில் பிடித்து அதை அளப்போம், பிளஸ் வந்தால் இழுவிசை, முறியும் ஆபத்து, மைனஸ் வந்தால் அமுக்கம், நல்லது என்றேன். "இத்துக்கா உனுக்கு சம்பளம் குடுக்குறாங்க?" என்று சிரித்தாய்.

துருப்பிடித்த மேல்தோலை அமிலத்தில் கரைத்துத்தான் எடுக்க வேண்டும். நேரமாகும். நீயோ நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தாய். எமரி போட்டுவிட்டேன். கதிர் முடியளவு ஆழம்கூடப் போகாது. எமரி அந்தத் தோலை அமுக்கிவிடும். இது எனக்குத் தெரியாததா? இரண்டும் மைனஸ் காட்டின. என் தேய்ப்பைத்தான் அளந்திருக்கிறேன். "தாராளமா மாட்டுடா" என்றேன்.

இரண்டே வாரம். மலையிறக்கத்தில் ஜீப்போடு பள்ளத்தில் போய்விட்டாய். உன் சாவுக்கு வந்தவர்கள் பிரேக்கையும் மழையையும் திட்டினார்கள். நான் முறிந்து கிடந்த ஆர்மை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். மூன்று நாளைக்கு முன் முறைப்படி கரைத்து அளந்தேன். பெரிய பிளஸ்.

மற்றது இன்னும் உன் தம்பி வண்டியில் ஓடுகிறது. அவனிடம் சொன்னால் எல்லாம் வெளியே வரும் என்று மூன்று நாளும் பேசாமல் இருந்தேன். கோழைடா நான். இன்று அந்த வாடை என்னை உட்காரவிடவில்லை. போன் செய்தேன்.

"அந்த ஆர்மைக் கழட்டிடுப்பா."

"இன்னாத்துக்குண்ணா? நீங்க பாத்துக் குடுத்ததாச்சே, அதுக்கு இன்னா ஆவும்? பலாப்பழம் ஏத்திட்டேன், ஆளுங்களும் ஏறிட்டாங்க. ஒரு மணி நேரத்துல அடிவாரம் வந்துருவேன், நேர்ல பேசலாங்க."

"வண்டிய எடுக்காதே!" என்று நான் கத்தும்போது சிக்னல் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். கிடைக்கவில்லை.

அடிவாரத்தில் நின்றுதான் இதை எழுதுகிறேன். அவன் வந்து இறங்கட்டும், "உன் அண்ணனைக் கொன்றது நான்தான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். உன்னைச் சுமக்கிறேன்டா, சாகும்வரை சுமப்பேன். இன்னொருத்தனைச் சுமக்க என்னால் முடியாது.

அவன் சொன்ன நேரம் தாண்டி இருபது நிமிடம் ஆகிறது.