லேபிள் கிழித்த உப்பு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிரஷர் இவ்வளவு ஏறியும் அத்தான் சட்டைப் பையில் உப்புக் குப்பியோடுதான் அலைகிறாரா? வெட்டி வைத்த பழத்துக்குக் கூடவா! டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதற்கு, "வெல்டிங் அடிக்கிறவனுக்கு வேர்வையில எவ்வளவு உப்பு போகுதுன்னு ஏசி ரூம்ல இருக்கிறவருக்கு என்ன தெரியும்?" என்றாராமே. நல்ல ஆளைக் கட்டிக்கொண்டாய் போ.

நான் வேலை பார்க்கும் கடையில் புதிதாக ஒரு உப்பு வந்திருக்கிறது. பாதிதான் சாதாரண உப்பு, மீதி வேறு ஏதோ. 'பிரஷர் உள்ளவர்களுக்கு ஏற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பாக்கெட்டோடு அனுப்பினால் பார்சலைப் பிரிக்கும் அத்தான் கையில் மாட்டிக்கொள்ளும். அதனால் பாக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, வெறும் பையில் கட்டித் துண்டு மடிப்புக்குள் வைத்திருக்கிறேன். அவர் குப்பியிலும் சமையலறை டப்பாவிலும் இதையே கொட்டி வை. போனில் மட்டும் மூச்சு விடாதே. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது அவர் சட்டமாயிற்றே!

உன் தங்கை,
சின்னவள்

மார்ச் 21

அன்புச் சின்னவளுக்கு,

பார்சல் வந்தது. துண்டைப் பார்த்துவிட்டு உன் அத்தான், "எனக்கு ஒண்ணுமில்லையா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. சொன்னபடி இரண்டு இடத்திலும் மாற்றிவிட்டேன்.

ஆனால் ஒரு தொல்லை. "என்ன உப்பு வாங்குறே? கரிப்பே இல்ல" என்று முன்னைவிட இரண்டு பங்கு உதறிப் போட்டுக்கொள்கிறார். நல்ல உப்புதானே என்று நானும் விட்டுவிட்டேன். விட்டது சரிதானா?

நாலைந்து நாளாக ஆள் சோர்ந்து கிடக்கிறார். பட்டறையில் ஏணி ஏறினால் கால் துவள்கிறதாம். மார்புக்குள் ஏதோ விட்டு விட்டு அடிக்கிறது என்கிறார். அழுத்தம் இறங்குவதால் இப்படி இருக்குமோ? உன்னிடம் மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷமே அவருக்குக் கிட்னி பாதி வேலைதான் செய்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "உன் தங்கச்சி காதுல விழுந்தா ஊரே வந்து துக்கம் விசாரிக்கும்" என்று என் வாயைக் கட்டிவிட்டார். உனக்கு நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

உன் அக்கா

மார்ச் 26

அக்கா,

இந்தக் கடிதம் வருவதற்குள் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். இருந்தாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தில் கிட்னி என்ற வார்த்தையைப் பார்த்ததும், அந்த 'வேறு ஏதோ' என்னவென்று பார்க்காமலே அனுப்பியது உறைத்தது. கடைக்கு ஓடிப்போய் ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில், இதில் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது என்று போட்டிருக்கிறது. அதைத்தான் அக்கா நான் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

உடனே போன் போட்டேன். அத்தான்தான் எடுத்தார். நீ கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். போனை வைத்துவிட்டு, நீ வந்ததும் உன்னிடமே பேசலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பாவி. பிறகு, "அத்தான், அந்த உப்பைத் தொடாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று கத்திவிட்டேன். "எந்த உப்பு?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், நீ மாற்றி வைத்ததையும். "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு போனை யாரும் எடுக்கவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே? என்னைத் திட்டுவதென்றால் ஆசை தீரத் திட்டு. ஒரே ஒரு வரி எழுது.

சின்னவள்

ஏப்ரல் 15

சின்னவளுக்கு,

உயிரோடு இருக்கிறார். முதலில் அதைப் படித்து மூச்சு விடு.

அன்றைக்கே சேர்த்துவிட்டோம். இரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாம். இன்னும் தாமதித்திருந்தால் இதயமே நின்றிருக்கும் என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை. நீ அவரிடம் சொல்லிவிட்டது சரிதான். நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுத்தாயே என்று உன் மேல் கோபமாக வந்தது. அதனால்தான் போனை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "எங்கிட்டச் சொல்லிட்டுக் குறைச்சிருந்தா நான் குறைச்சிருக்க மாட்டேனா?"

"மாட்டீங்க" என்றேன்.

அவர் குப்பியைத் தானே கழுவிக் கவிழ்த்தார். தட்டை வைத்ததும் என் பக்கம் தள்ளி, "நீ முதல்ல சாப்பிடு" என்றார். சாப்பிட்டேன். நான் விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் தட்டைத் திரும்ப இழுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் இதேதான். இப்போது டாக்டர் சொன்ன அளவு சாதாரண உப்புதான், அவர் கண் முன்னாலேயே போடுகிறேன். அப்படியும் தட்டு என் பக்கம் வரும். கட்டிய மனுஷன் என்னை அப்படிப் பார்ப்பதைவிட நாலு அறை விட்டிருக்கலாம்.

நேற்று மத்தியானம் தட்டை வைத்துவிட்டு, வழக்கம்போல முதல் வாய் எடுக்கக் கையை நீட்டினேன். அதற்குள் அவரே பிசைந்து வாயில் போட்டுக்கொண்டார். "உப்பு கம்மி" என்றார். "தெரியும்" என்றேன். தட்டை என் பக்கம் தள்ளாமலே சாப்பிட்டு முடித்தார்.

நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, எடுக்கிறேன்.

உன் அக்கா