லோமே கரையில் பிடித்த கயிறு

அண்ணை,

இன்று காலை முல்லைத்தீவுக் கடற்கரையில் ஈரக் கயிறு மணத்தது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். "வயது போன நேரத்தில உங்களுக்கு ஏன் மாஸ்டர் இந்த வேலை?" என்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். நீங்கள் கண்ணை மூடி நான்கு வருடம். ஆனாலும் எனக்கு முன்னால் நின்று இழுத்தது நீங்கள்தான்.

தொண்ணூறுகளில் ஐரோப்பாவுக்கென்று புறப்பட்ட நம் ஆறு பேரையும், காசு வாங்கி ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் மேற்கு ஆபிரிக்காவில், லோமே நகரில் இறக்கினான். ஏற்றிப்போன வான் வண்டியின் யன்னலால் பார்த்தேன். செம்மண் புழுதி, தென்னைகள், தலையில் பெரிய பேசின் சட்டியோடு நிமிர்ந்து நடக்கும் பெண்கள், ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர். "எங்கடை வன்னியில விசுவமடுச் சந்தை மாதிரிக் கிடக்கு" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"விசுவமடுவோ? இவங்கள் ஆளை வெட்டிப்போடுவாங்கள் மாஸ்டர். வெளியில தலை காட்டினா பாஸ்போட்டை மறந்துடுங்கோ."

எல்லாருடைய பாஸ்போட்டும் அவன் பைக்குள். முன்னாலும் போக முடியாது, வீட்டுக்கும் திரும்ப முடியாது. நான் அவனை நம்பினேன், அண்ணை. இருபது வருடம் புவியியல் படிப்பித்தவன், அவன் அடைத்துவைத்த அறையில் நான்கு நாள் யன்னல் சீலையை விலக்கிப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் விடிய நீங்கள் சாரத்தை மடித்துக் கட்டினீர்கள்.

"எங்கை அண்ணை?"

"கடலுக்கு. மணக்குதெல்லே?"

"வெட்டுவாங்களாம்."

"வெட்டுறதெண்டா இஞ்சை வந்தும் வெட்டலாம். சீலைக்குப் பின்னால இருந்து சாகேலாது. எழும்பும் மாஸ்டர்."

கரையில் நம் ஊர் மாதிரியே இரண்டு வரிசை, ஒரே பாட்டு. கரைவலையோடு வளர்ந்த நீங்கள் கயிற்றில் கை வைத்த விதத்தைப் பார்த்தே இடம் விட்டார்கள். பாட்டின் எந்த இடத்தில் இழுக்க வேண்டுமென்று உங்களுக்கு யார் சொன்னது? வலை கரையேறியதும் வலைக்காரர் நம் கைகளிலும் மீனை வைத்தார். "கயிறு பிடிச்சவனுக்குப் பங்கு. எங்கடை சட்டம் இஞ்சையும் கிடக்கு" என்றீர்கள்.

அடுத்த நாள் ஆறு பேரும் போனோம். ஏஜென்சிக்காரன் ஓடிவந்தான்.

"எல்லாரும் ரூமுக்கு நடவுங்கோ!"

"பாஸ்போட்டைத் தாரும்."

"சத்தம் போடாதேங்கோ அண்ணை. முதல்ல ரூமுக்கு..."

"பாஸ்போட்!"

பாட்டு நின்றது. நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நீட்டிய கையும் ஒளித்த பையும் எந்த ஊரிலும் விளங்கும். பை திறந்தது.

வகுப்பில் "சத்தம், சத்தம்" என்று ஓயாமல் மேசையில் தட்டும் ஆசிரியர் பெரும்பாலும் பாடம் ஆயத்தம் செய்யாமல் வந்தவர். அவனும் அப்படித்தான். அந்த ஊர்ச் சனத்தைக் காட்டி நம்மைப் பயமுறுத்தினான். அவன் பயந்ததோ நாம் அவர்களோடு சேர்வதற்கு.

நாமிருவரும் வன்னிக்கே திரும்பினோம். புதுக்குடியிருப்புச் சந்தியில் பகிடி பண்ணினார்கள். "ஆபிரிக்காவில மீன் திண்டுட்டு வந்த ஆக்கள்!"

"ஓம், நல்ல மீன்" என்றீர்கள்.

இன்று எனக்கும் பங்கு தந்தார்கள். உள்ளங்கை சிவந்து எரிகிறது. எங்கள் வீட்டுக்குப் பின்வளவில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. "எப்பிடிப்பட்ட சனமோ, பழகாதேங்கோ அப்பா" என்று மகள் நேற்றுச் சொன்னாள். மீனில் பாதியைப் பையில் போட்டுவிட்டேன். இந்த மடலை மடித்து வைத்ததும், நேரே அங்கேதான் போகிறேன்.