சுவர் வைத்த கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

நாலு வருஷம் பேசாதவன் எழுதுகிறானே என்று பயப்படாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை, தொப்பையைத் தவிர.

போன மாதம் ஜெர்மனியில் ஒரு பழைய கோட்டை பார்த்தோம். அதன் சொந்தக்காரரான பிரபு செத்ததும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் கூடத்தின் நடுவே சுவர் எழுப்பினார்களாம். ஆளுக்கொரு சமையலறை, ஆளுக்கொரு படிக்கட்டு. இரண்டு வம்சமும் இருநூறு வருஷம் பேசிக்கொள்ளவில்லையாம்.

உன் அண்ணி கைடு முன்னாலேயே, "நங்கநல்லூர் வீட்டு நடுவுல நீங்க ரெண்டு பேரும் கட்டின சுவரைவிட இது கொஞ்சம் உயரங்க" என்றாள்.

சிரித்துவிட்டேன். அப்புறம் அப்பாவின் திதி ஞாபகம் வந்தது. நீ மேற்குக் கரையில் சான்டா கிளாராவில், நான் கிழக்குக் கரையில் பிரிட்ஜ்வாட்டரில், அவருக்கு ஒரே நாளில் இரண்டு இலை. நாம் இருவரும் பக்கத்தில் உட்காராமல் அந்த மனுஷர் ஒரு நாளும் சோற்றில் கை வைத்ததில்லை.

இந்த வருஷம் இங்கே செய்யப்போவதில்லை. திதியன்று காலை உன் வீட்டு வாசலில் நிற்பேன். திட்டுவதானால் உள்ளே கூப்பிட்டுத் திட்டு.

உன் அண்ணன்