நான் அடித்த இரண்டு எண்கள்

கோரிப்பாளையம்,
மதுரை.

அன்புத் தங்கை ஷைமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அம்மாவும் நானும் நலம். ஓசூரில் குளிர் எப்படி? அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடிப்படி ஏறாதே என்றால்தான் கேட்பதில்லை.

போன வாரம் மாப்பிள்ளை போனில் பேசினார். உன் மகள் சைனபைப் பள்ளிக்கூடத்துத் துப்பாக்கி சுடும் அணியில் எடுத்திருந்தார்களாம். நீ கையெழுத்துப் போட மறுத்துவிட்டாயாம். எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கை நிற்காது என்று சொன்னாயாம். பதினாலு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன வார்த்தை அல்லவா அது.

மறுநாளே பரணிலிருந்து நம் பழைய நோட்டை எடுத்தேன். திருமங்கலம் தாண்டி அழகுபாண்டி அண்ணன் தரிசில், குண்டின் வேகம் காட்டும் மெஷினைப் பத்துப் பத்து மீட்டராக நகர்த்தி வைத்து, நீ சுட்டுச் சுட்டு எழுதிய நோட்டு. புத்தகத்து அட்டவணை வேறு வடிவக் குண்டுக்குப் போட்டது, நம் ஏர் ரைஃபிள் ஈயக் குண்டு காற்றில் எப்படி வேகம் இழக்கிறது என்று நாமே அளந்து போடுவோம் என்று பெருமையாகக் கிளம்பியவன் நான்தான். நாற்பதிலும் ஐம்பதிலும் வேகம் நான் நினைத்ததைவிடக் குறைவாக வந்தது. பக்கத்தில், மூணு தடவ பாத்தேன், இதேதான் என்று எழுதியிருக்கிறாய். மெஷின் தப்பு என்று இரண்டையும் சிவப்பு மையில் அடித்துவிட்டு, புத்தகத்து எண்களையே போட்டிருக்கிறேன். பிசிக்ஸ் படித்த திமிர், வேறென்ன.

அந்த அட்டவணைப்படி, குறி பார்க்கும் ஸ்கோப்பின் திருகைத் திருப்பி வைத்து நீ ஐம்பது மீட்டரில் சுட்டதெல்லாம் குறிக்கு ஒரு விரற்கடை கீழே. "அண்ணே, கை நடுங்கல. எல்லாம் ஒரே எடத்துலதான் விழுகுது, கணக்கப் பாருங்க" என்றாய். நான் பார்க்கவில்லை. மாநிலப் போட்டியிலும் அப்படியே ஆனபோது, நம் துப்பாக்கி கிளப் ஆட்கள் எல்லோர் முன்னாலும் எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கை நிற்காது, நடுங்கும் என்று சொன்னேன். நடுங்கும் கை நாலாபக்கமும் அல்லவா சிதறடிக்கும்? அதுகூட எனக்கு உறைக்கவில்லை. அன்றைக்குத் துப்பாக்கியை உறையில் போட்டவள்தான், பிறகு நீ அதைத் தொடவே இல்லை.

இப்போது நீ எழுதிய எண்களைத் திரும்பப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். வேகம் குறைந்த குண்டு கூடுதலாகத் தாழ்ந்து, சரியாக ஒரு விரற்கடை கீழே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போய், அன்று கூட இருந்த விருமாண்டி அண்ணனிடமும் மற்றவர்களிடமும் நோட்டைக் காட்டி, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அவர், அந்தப் பிள்ளகிட்ட சொல்லிட்டியா என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நோட்டை இதோடு அனுப்பியிருக்கிறேன். என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம். சைனபின் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடு அம்மா. அவளுக்காக அளக்கவோ கணக்குப் போடவோ வேண்டியிருந்தால் நீயே போடு, என்னிடம் கேட்காதே. அல்லாஹ் உங்கள் எல்லோரையும் நலமாக வைக்கட்டும். பிள்ளைக்குக் கை நிற்கும். அவள் அம்மாவுக்கு நின்ற கைதான்.

துஆவுடன்,
உன் அண்ணன்
மின்ஹாஜ்